அப்பா தலைமேல் சத்தியம்

இந்த சன்னல் சீட்டைக் கொஞ்சம் எனக்கு விட்டுக் குடுக்கிறீங்களாண்ணே? காத்து வேணும். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு. பயப்படாதீங்க, வாந்தி எடுக்கிற ஆளு இல்ல நான். அப்பாடா. நல்லா இருப்பீங்கண்ணே.

இந்தப் பஸ்ஸு காலேஜ் ஸ்டாப்புல நிக்கும்ல? கண்டக்டர் நிக்கும்னுதான் சொன்னாரு. ரெண்டு வாட்டி கேட்டுட்டேன், இன்னொரு வாட்டி கேட்டா எறக்கி விட்டுருவாரு. இது உள்ரோட்டுல சுத்திக்கிட்டுப் போற வண்டின்னு ஏறினப்புறம்தான் தெரியுது. பதட்டத்துல போர்டைப் பாக்காம ஏறிட்டேன்.

என் பொண்ணு அங்கதாண்ணே படிக்குது. வான்மதின்னு பேரு. இன்ஜினியரிங், ரெண்டாவது வருசம், கரண்டு சம்பந்தப்பட்ட படிப்பு. ஹாஸ்டல்ல இருக்கா. காலையில அவ டீச்சரம்மா போன் பண்ணாங்க. "வான்மதி அப்பாவா? உடனே கிளம்பி வாங்க, நேர்ல பேசணும்"னாங்க. என் பிள்ளைக்கு என்னம்மான்னேன். "பயப்படாதீங்க, நல்லாத்தான் இருக்கா, வாங்க"ன்னு சொல்லி வச்சுட்டாங்க.

பயப்படாதீங்கன்னா என்னண்ணே அர்த்தம்? நான் மைக் செட்டுக்காரன். வையம்பட்டி சுத்துவட்டாரத்துல பொன்னுரங்கம்னா தெரியாது, மைக் ரங்கம்னு கேளுங்க, சின்னப் பிள்ளை கூட வீட்டைக் காட்டும். திருவிழா, கட்சிக் கூட்டம், துணிக்கடை ஆடித் தள்ளுபடி, எல்லாம் நம்ம குரல்தான். சாவுச் சேதியும் நான்தான் சொல்லுவேன், ஆட்டோவுல மைக்கைக் கட்டிக்கிட்டு. அதனால எழவு வீட்டுல நான் முன்னாடியே போய் நிப்பேன். வெளியூர்ல இருக்கிற மகனுக்குப் போன் போடுவாங்க பாருங்க, அதை என் காதாலயே கேட்டிருக்கேன். "ஒண்ணுமில்லப்பா, அப்பாவுக்கு லேசா முடியல, பயப்படாம கிளம்பி வா"ம்பாங்க. இங்க பொணத்தைக் குளிப்பாட்டிக்கிட்டு இருப்பாங்க. அதைக் கேட்டுக் கேட்டுப் பழகின காதுண்ணே இது. "நல்லாத்தான் இருக்கா, வாங்க"ன்னா எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

அவளுக்குப் போன் போட்டுப் போட்டுப் பாத்தேன். அடிக்குது, எடுக்கல. வீட்டுல சொல்லல. சொன்னா எங்க வீட்டுக்காரி நடுத்தெருவுல உக்காந்து மாரடிச்சுருவா. துணிக்கடை வேலையா திண்டுக்கல் போறேன்னுட்டு வந்துட்டேன்.

என்னவா இருக்கும்ணே? காதல் கீதல்னு சொல்லாதீங்க. அதெல்லாம் இருக்காது. நிமிந்து பாக்காத பொண்ணு. நோவு வந்திருந்தா ஆஸ்பத்திரிக்குத்தான வரச் சொல்லுவாங்க? காலேஜுக்கு எதுக்கு? வேற ஒண்ணு இருக்கு. ஹாஸ்டல்ல பிள்ளைங்க அப்பப்ப... வேணாம்ணே. அந்த வார்த்தைய நான் வாயில எடுக்க மாட்டேன். நீங்களும் எடுக்காதீங்க.

படிப்புல கெட்டிண்ணே. தமிழ் மீடியம், கவர்மென்டு ஸ்கூல், கணக்குல ஒத்த மார்க்குதான் போச்சு. கவுன்சிலிங்ல அவளே கம்ப்யூட்டர்ல தட்டி வாங்கின சீட்டு. எங்க தெருவுல இன்ஜினியருக்குப் படிக்கிற மொத பொம்பளப் பிள்ளை. சேத்துட்டு வந்த அன்னைக்கு மைக்ல சொல்லிரலாமான்னு எனக்கு வாய் நமநமங்குது. கண்ணு பட்டுரும்னு அடக்கிக்கிட்டேன்.

சின்னதுல அவ வாயாடிண்ணே. சத்தியமா. மைக்கை ஆஃப் பண்ணி வச்சா போதும், எடுத்து வச்சுக்கிட்டு "அன்பார்ந்த பொதுமக்களே, தாய்மார்களே"ன்னு என்னை மாதிரியே பேசிக் காட்டுவா. கேள்வி கேட்டே ஆளைக் கொன்னுருவா. ஏம்ப்பா ஸ்பீக்கர் கூம்பு மாதிரி இருக்கு, ஏம்ப்பா பக்கத்துல போனா கீச்சுங்குது. எனக்கு என்ன தெரியும்? போடி அங்கிட்டும்பேன்.

அந்த வாயோட காலேஜுக்கு அனுப்ப எனக்குப் பயம்ணே. ஏன்னு கேளுங்க. எங்க அண்ணன் மகன் பிரபாகரன்னு ஒருத்தன். அவனும் இன்ஜினியரிங்தான், வேற காலேஜு. ஒரு நாள் கிளாஸ்ல எந்திரிச்சு, "சார், நீங்க போட்ட கணக்கு தப்பு"ன்னுட்டான். அவ்வளவுதான். அந்த வாத்தியாரு மனசுல வச்சுக்கிட்டாரு. அங்க பாதி மார்க்கு வாத்தியாரு கையிலதானாம், இன்டர்னல்ங்கிறாங்க. அதுல கைய வச்சாரு. பயலுக்கு அரியர் மேல அரியர், படிப்பு பாதியில நின்னு போச்சு, இன்னைக்கு செல்போனுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு இருக்கான். ஒரே ஒரு வார்த்தைண்ணே! தவளை தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. கிளாஸுக்கே போகாம சினிமா தியேட்டர்ல கெடந்தான்னும் சொல்லுவாங்க, அது வேற விசயம். வயசுப் பயல்னா தியேட்டருக்குப் போகத்தான் செய்வான்.

அதனால சேத்து விடுறதுக்கு முன்னால நான் ஒரு காரியம் பண்ணேன். எங்க குலசாமி சங்கிலிக் கருப்பு. கேட்டிருப்பீங்களே? துடியான சாமிண்ணே. எங்க சனத்துல கோர்ட்டுல கூட பொய் சொல்லுவான், கருப்பு முன்னால சொல்ல மாட்டான். அங்க கூட்டிட்டுப் போனேன். பூசாரி கற்பூரத்தைக் கொளுத்தினாரு. இந்தா பாரு வான்மதி, காலேஜுல வாயத் தொறக்கக் கூடாது. வாத்தியாரை எதுத்துப் பேசக் கூடாது, சந்தேகம் கிந்தேகம்னு எந்திரிச்சு நிக்கக் கூடாது, பொம்பளப் பிள்ளையோ ஆம்பளப் பயலோ யார்கிட்டயும் வாய் குடுக்கக் கூடாது. போனமா, காதால கேட்டமா, எழுதினமா, வந்தமான்னு இருக்கணும். படிப்பு முடியிற வரைக்கும் இப்படியே இருப்பேன்னு என் தலை மேல கைய வச்சு சத்தியம் பண்ணுன்னேன்.

முழிச்சா. "அப்பா, டவுட்டு இருந்தா கேக்கணும்ப்பா"ன்னா. புஸ்தகத்தைப் பாருன்னேன். அப்புறம் பண்ணிட்டா. கை சில்லுனு இருந்துச்சு, இன்னமும் உச்சந்தலையில தெரியுது.

என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க? அவ நல்லதுக்குத்தான?

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்கிறீங்க. சரிதான். அது யாவாரத்துக்குண்ணே. எனக்குச் சரி. நான் வாயை வித்துத்தான் சோறு திங்கிறேன். அவ ஏன் விக்கணும்? அவளுக்குத்தான் மூளை இருக்கே.

மொத வருசம் நல்லாத்தான் போச்சு. ஹாஸ்டல் ரூம்ல பர்வீனுன்னு ஒரு பிள்ளை. இங்கிலீஷ்ல படிச்ச பிள்ளை. சாயங்காலமானா அஞ்சாறு பிள்ளைங்க வட்டமா உக்காந்து, அந்தப் பர்வீனு பாடத்தை விளக்கிச் சொல்லுமாம், இவ கணக்குச் சொல்லிக் குடுப்பாளாம். போன்ல அப்படிச் சந்தோசமா சொல்லுவா. "அப்பா, எனக்குத் தெரிஞ்சதை அவங்களுக்குத் தமிழ்லயே சொல்றேன், அவங்க அதை எனக்கு இங்கிலீஷ்ல சொல்றாங்க, ரெண்டும் மண்டையில நிக்குதுப்பா"ன்னா. எனக்குப் பகீர்னுச்சு. கூட்டம் கூடினா வம்பு வரும். வார்டனம்மாவைப் பாத்து, ரூமை மாத்திக் குடுங்கம்மா, என் பிள்ளை தனியா இருந்து படிக்கட்டும்னு சொல்லி, கடைசி ரூமுக்கு மாத்தி விட்டேன். அமைதியான ரூமு. பக்கத்துல ஆள் சத்தமே கிடையாது.

சாயங்காலம் இங்கிலீஷ் பேசப் பழக்குறாங்களாம், எல்லாரும் சேருறாங்கன்னா. வேணாம்னுட்டேன். பேசப் பழக்குறாங்களாம்! எதைக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேனோ அதையே கத்துக் குடுக்கிறாங்கண்ணே.

ஒரே ஒரு வாட்டி மீறினா. கிளாஸ்ல எல்லார் முன்னாலயும் நின்னு ஒரு பாடத்தைச் சொல்லணுமாம், செமினாருங்கிறாங்க. வராட்டி மார்க்கு போயிருமேன்னு பேசிட்டா. அன்னைக்குப் போன்ல அவ குரலைக் கேக்கணுமே! "அப்பா, கை தட்டினாங்கப்பா. மேடம் என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. முதல்ல நடுங்கிச்சு, அப்புறம் நீ மைக்ல பேசுவல்ல, அதை நினைச்சுக்கிட்டேன், பயம் போயிருச்சு"ன்னா. எனக்கு உள்ளுக்குள்ள குளுந்துச்சுண்ணே, பொய் சொல்ல மாட்டேன். ஆனா வெளிய காட்டலாமா? ஏண்டி, கருப்பு முன்னால பண்ண சத்தியம் என்னாச்சுன்னு சத்தம் போட்டேன்.

அந்த வாரத்துலயே எனக்கு இந்த நெஞ்சு நோவு வந்துருச்சு. தேர்தல் பிரச்சாரம், நாள் பூரா வெயில்ல கத்திட்டு வந்து ஆட்டோவுல இருந்து எறங்குறேன், மூச்சு முட்டி அப்படியே சாஞ்சுட்டேன். பெரியாஸ்பத்திரியில போட்டாங்க. டாக்டரு பீடியை விடுன்னாரு. பீடிக்கும் நெஞ்சுக்கும் என்னண்ணே இருக்கு? எங்கப்பாரு சாகுற அன்னைக்கும் குடிச்சாரு. பிள்ளை ஓடி வந்துச்சு. மூஞ்சி வெளிறிப் போய்க் கட்டில் ஓரத்துல நிக்குது. அழுகுற பிள்ளைய சிரிக்க வைக்கலாமேன்னு, "பாத்தியா, சத்தியத்தை மீறினா இப்படித்தான்"னேன். விளையாட்டுக்குண்ணே. மூக்குல ட்யூபை வச்சுக்கிட்டு நான் வேற என்ன பேசுறது? அவ சிரிக்கல.

அதுக்கப்புறம் பிள்ளை தங்கமா மாறிடுச்சு. ஒரு குறை சொல்ல முடியாது. போன் பண்ணா ம் போடும். சாப்டியாம்மா, ம். படிச்சியாம்மா, ம். லீவுக்கு வந்தாலும் அப்படித்தான். இப்படி ஒரு அடக்கமான பிள்ளை உண்டான்னு தெருவுல கேக்குறாங்க. எழுதுற பரீட்சையில எல்லாம் நல்ல மார்க்கு. லேப்பு பரீட்சையில மட்டும்தான் போன வாட்டி ரெண்டும் போச்சு. மிசினு சரியில்லாம இருந்திருக்கும். ஏம்மா ஃபெயிலுன்னு கேட்டேன். அதுக்கும் ம்தான்.

ஏன் வண்டி நிக்குது? கேட்டா? அட கடவுளே, ரயில்வே கேட்டு இப்பத்தான் விழணுமா? எந்த ரயிலுண்ணே வரும் இந்நேரத்துல? கூட்ஸா இருந்தா போச்சு, பாம்பு மாதிரி நீளமா போகும்.

இருங்கண்ணே, போனு. டீச்சரம்மாதான். எதை அமுக்குறது... ஹலோ. ஆமாம்மா. வந்துக்கிட்டே இருக்கேம்மா, கேட்டுல மாட்டிக்கிட்டேன். என்னம்மா ஆச்சு? சொல்லுங்க, நான் தாங்கிக்கிறேன். ம்... ம்... இல்லம்மா, அவ நல்லாப் பேசுவாம்மா. பொறப்புல ஒரு குறையும் கிடையாது. அய்யய்யோ, அப்படியெல்லாம் இல்ல. என்ன சொன்னா? என்ன சொன்னாம்மா உங்ககிட்ட?

அண்ணே, இருங்க, சொல்றேன். அவகிட்ட போனைக் குடுக்கப் போறாங்களாம். பிள்ளை உசுரோட இருக்குண்ணே! ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கா. ஆனா லேப்புல வாயால கேள்வி கேப்பாங்களாம். வைவாவாம். மிசினை எல்லாம் சரியா ஓட்டிருவாளாம், கேள்வி கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்குறாளாம். நேத்து வெளியூர்ல இருந்து பரீட்சை வைக்க வந்த சாரு உன் பேரு என்னன்னு கேட்டிருக்காரு. பேரைக் கூடச் சொல்லலையாம்ணே. ஊமைப் பிள்ளையான்னு கேட்டாராம். இந்த வாட்டியும் போச்சுன்னா அடுத்த வருசத்துக்கு ஏத்த மாட்டாங்களாம். டீச்சரம்மா அந்த சாரைக் கெஞ்சி, இன்னைக்கு இன்னொரு வாட்டி கேக்கச் சொல்லியிருக்காங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால அவரு கிளம்பிருவாராம். நேத்து ராத்திரி பூரா பக்கத்துல உக்காந்து கேட்டிருக்காங்க, ஏண்டி பேச மாட்டேங்குறன்னு. கடைசியில ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம். "பேசினா எங்கப்பா செத்துருவாரு மேடம்."

ஹலோ. வான்மதி! அப்பாதாம்மா. ஏம்மா அப்பா போனை எடுக்கல? சரி சரி, அழாத. அழாதடா. என்னது? சத்தமா சொல்லு, ரயிலு வருது.

அம்மாடி... அது வந்து... பொறும்மா. அப்பா வந்துக்கிட்டே இருக்கேன். நான் வர்ற வரைக்கும் பொறு. நான் வந்து அந்த சார்கிட்ட பேசிக்கிறேன், நீ ஒண்ணும்... ஹலோ? ஹலோ?

கட்டாயிருச்சு.

என்ன கேட்டான்னா கேக்குறீங்க? "அப்பா, நான் பேசட்டுமா? உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"ன்னு கேட்டா. குரலே மாறிப் போச்சுண்ணே. துருப்பிடிச்ச கதவு மாதிரி இருக்கு. நம்ம பிள்ளை குரலான்னு எனக்கே அடையாளம் தெரியல.

என்னை எதுக்கண்ணே திட்டுறீங்க? பேசுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னன்னா எப்படிண்ணே? உங்களுக்குத் தெரியாது. இது கருப்பு முன்னால பண்ணது. வாயால எடுத்துட்டேன்னு சொன்னா எடுத்ததா ஆயிருமா? அதே வாசல்ல நின்னு, கற்பூரம் கொளுத்தி, தப்புக் காணிக்கை போட்டு, பூசாரி விபூதி பூசினாத்தான் சத்தியம் எறங்கும். போன்ல எறக்க முடியுமா? நான் போய் அந்த சாரு கையக் காலைப் புடிச்சு, ரெண்டு நாள் தள்ளி வைங்க சாமி, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டு வந்துர்றேன்னு கேட்டா...

கேக்க மாட்டாரா? கிளம்பிருவாரா?

இந்த ரயிலு என்னண்ணே முடியவே மாட்டேங்குது.

பொறுன்னு சொல்லிட்டேனே. பொறுத்துருவாளேண்ணே. அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. அந்த சாரு முன்னால தலையைக் குனிஞ்சு நிப்பா. அவரு கேப்பாரு, கேப்பாரு, எந்திரிச்சுப் போயிருவாரு. பதில் எல்லாம் அவ நெஞ்சுக்குள்ள இருக்கும். எனக்காக முழுங்கிக்கிட்டு நிப்பா. ஒரு வருசமா முழுங்கிக்கிட்டுத்தான் நின்னிருக்கா, நான் அடக்கமான பிள்ளைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஆஸ்பத்திரியில சொன்னது விளையாட்டுண்ணே! விளையாட்டுன்னு அவளுக்குத் தெரியாதா?

தண்ணி இருக்காண்ணே? குடுங்க.

உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. நீங்க யாரோ நான் யாரோ, அடுத்த ஸ்டாப்புல எறங்கிப் போயிருவீங்க. பேசட்டுமான்னு அவ கேட்டப்ப எனக்கு மொதல்ல அவ படிப்பு நெனப்புக்கு வரலண்ணே. என் நெஞ்சுதான் நெனப்புக்கு வந்துச்சு. இதோ, இங்க, இடது பக்கம் சுருக்குன்னுச்சு. சத்தியத்தை மீறி அவ பேசி, நெஜமாவே கருப்பு என்னைக் கொண்டு போயிருச்சுன்னா? விளையாட்டுக்குச் சொன்னேன் சொன்னேங்கிறேன், அன்னைக்கு ஆஸ்பத்திரியில அதைச் சொன்னப்ப எனக்கும் பாதி நம்பிக்கை இருந்துச்சு. செத்துருவோம்னு பயந்துட்டேண்ணே. பெத்த பிள்ளை கேக்குது, நான் என் உசுரைப் புடிச்சுக்கிட்டு பொறுங்கிறேன். நான் என்ன மனுசன்?

அடிக்குது, எடுக்க மாட்டேங்குறாங்களே. திரும்பப் போடுறேன். இந்த எடத்துல சிக்னல் ஒத்தக் கோடுதான் காட்டுது. உங்க போன்ல இருந்து போட்டுப் பாருங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நம்பர் இதுல இருக்கு, நீங்களே பாத்து அமுக்குங்க, எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு. போகுதா? அடிக்குதா? குடுங்க குடுங்க.

அம்மா! டீச்சரம்மா! நான்தாம்மா வான்மதி அப்பா. வேற போன்ல இருந்து பேசுறேன். உள்ள போயிட்டாளா? நிக்கிறாளா? என்ன கேட்டாரு? சொல்லலையா? அம்மா, அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லணும். பரீட்சை நடக்குதுன்னு தெரியும்மா. பாடம் சொல்லிக் குடுக்கப் போறேனா? எனக்கு என்ன தெரியும்? உங்க போன்லயே ஸ்பீக்கரைப் போட்டு வாசல்ல நின்னு புடிங்கம்மா, போதும். அந்த சாரு கோச்சுக்கிட்டா நான் வந்து அவரு கால்ல விழுறேன். புடிச்சுட்டீங்களா?

வான்மதி! அப்பாதாண்டா பேசுறேன்! வான்மதீ! நான் சத்தியத்தை எடுத்துட்டேன். கேக்குதா? எடுத்துட்டேன். சத்தியமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. கல்லு மாதிரி இருக்கேன். நீ பேசு. அந்த சாரு கேக்குறதுக்கெல்லாம் சொல்லு. கேக்காததையும் சொல்லு. அப்பாவை நெனைக்காத. அப்பா என்ன, பஸ்ஸுல உக்காந்து பொரிகடலை தின்னுக்கிட்டு வர்றேன். பேசும்மா. பேசுடா தங்கம். பேசு!

எல்லாரும் என்னையே பாக்குறாங்க. பாக்கட்டும். டிரைவரு கூட திரும்பிட்டாரு. இருங்கண்ணே, யாரும் சத்தம் போடாதீங்க. டீச்சரம்மா போனை வைக்கல. அப்படியே புடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க போல. ஃபேன் ஓடுற சத்தம் கேக்குது. அந்த சாரு என்னமோ கேக்குறாரு.

ஒண்ணும் வரலண்ணே.

இன்னும் ஒண்ணும் வரல.

பொறுங்க... பொறுங்க. பேரைச் சொல்றாண்ணே! பேரைச் சொல்லிட்டா. பி. வான்மதின்னு சொல்லிட்டா. திரும்ப ஏதோ கேக்குறாரு. இவ சொல்றா. இங்கிலீஷ்ல சொல்றா. என்ன சொல்றான்னு எனக்கு விளங்கல, மோட்டாருங்கிறது மட்டும் விளங்குது. நடுவுல நிக்குது, தெணறுது, மறுபடி புடிச்சுக்கிறா. தமிழ்லயும் சொல்லுது. சரியா சொல்றாளா? நீங்க கேட்டுப் பாருங்கண்ணே, உங்களுக்காவது தெரியுதா? உங்களுக்கும் தெரியாதா? சரி விடுங்க. பேசுறா. அது போதும்.

கேட்டைத் தூக்கிட்டாங்க. வண்டி கிளம்புது. அதிருதுண்ணே, எனக்கு இங்க இடது பக்கம் இன்னும் என்னமோ பண்ணுது. வேர்க்குது பாருங்க. அவ அங்க பேசிக்கிட்டு இருக்கா, நான் இங்க எனக்கு ஏதாச்சும் ஆகுதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். கையை எடுத்துறாதீங்கண்ணே, கொஞ்ச நேரம் இப்படியே புடிச்சுக்கங்க. எனக்கு என்ன ஆனாலும் இந்தப் போன்ல மட்டும் யாரும் சத்தம் போட்டுறாதீங்க. இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கா.